கனம் ஏறாத சீட்டு

லாரிக்கு சீட்டுத் தைப்பதில் செங்கோடனை அடித்துக்கொள்ள சங்ககிரிப் பக்கம் ஆள் கிடையாது. யோசனை சொல்வதிலும் கிடையாது, அது வேறு சங்கதி. அவனுடைய பட்டறையில் நாச்சிமுத்து, மாரப்பன் என்று இன்னும் இரண்டு பேர். மூவருக்கும் சேர்த்தே ஒரு மூளைதான், அதையும் முறை வைத்துத்தான் எடுப்பார்கள்.

ஒருநாள் மில் முதலாளி கூப்பிட்டனுப்பினார். மில்லுக்குப் பின்னால் அவரே ஓட்டும் பழைய குட்டி விமானம் நின்றது. பின்சீட்டு மூன்றும் கிழிந்து, கைப்பிடி உடைந்து, கூரைத்துணி தொங்கிக் கிடந்தது.

"அல்லாத்தையும் புதுசாக்குங்க. எடை மட்டும் ஏறக்கூடாது. ஏறாம முடிச்சீங்கன்னா, ஞாயித்துக்கெழமை உங்களையும் ஏத்தி ஒரு சுத்துப் பறக்கறேன்."

செங்கோடனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலேயிருந்து தன் பட்டறையைப் பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு அப்படியொரு ஆசை. அடையாளம் தெரிவதற்காகத் தகரக் கூரைமேல் சிவப்புச் சேலையை விரித்து வைப்பதாக அவன் மனைவி நல்லம்மா சொன்னாள்.

முதலில் விமானத்தை மில்லின் லாரி எடைமேடையில் ஏற்றி எடை பார்த்துக்கொண்டார்கள். சீட்டுக்கும் உள்கூரைக்கும் பழுப்பு ரெக்சின் தைத்து முடித்ததும் மறுபடி ஏற்றினார்கள். புதுச் சீட்டில் தைத்தவனே முதலில் உட்கார வேண்டும் என்பது பட்டறை வழக்கம். மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"இருநூறு கிலோ கூட இருக்குது" என்றார் எடைமேடைக்காரர்.

செங்கோடன் உட்கார்ந்தபடியே சீட்டை அமுக்கிப் பார்த்தான்.

"ரெக்சின் இத்தனை கனமாங்கண்ணா?" என்றான் நாச்சிமுத்து.

"நூலு கெட்டி நூலு" என்றான் மாரப்பன்.

பாதி நுரையை உருவினார்கள். தூசி துடைத்தார்கள். டயரில் காற்றை இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் வழக்கத்தை விடாமல் ஏறி உட்கார்ந்துதான் எடை போட்டார்கள். கனம் அசையவில்லை.

எடைமேடைக்காரருக்கு அலுத்துவிட்டது. "எறங்கி நின்னு போடுங்கப்பா."

இறங்கினார்கள். எடை பழையபடியே சரியாக நின்றது.

செங்கோடன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தான். "இப்பத்தான் புரியுது. சீட்டு மேல தப்பில்ல. அதுல உக்காந்தாத்தான் கனம் ஏறுது."

"அப்ப உக்காரலைன்னா ஏறாதுங்களா?" என்றான் நாச்சிமுத்து.

"அதான் இப்பக் கண்ணுல பாத்தயே."

உருவிய நுரையைத் திரும்பத் திணித்தார்கள், காற்றையும் அடைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் குளித்து, விபூதி பூசி ஏறினார்கள்.

"பெல்ட்டு போட்டாச்சா?" முதலாளி முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"மாட்டியாச்சுங்க" என்றான் செங்கோடன். மாட்டித்தான் இருந்தது, காலிச் சீட்டுக்கு.

விமானம் ஊரைச் சுற்றிவிட்டு நல்லபடியாக இறங்கியது.

வாசலிலேயே நல்லம்மா மறித்துக்கொண்டாள். "சேலை தெரிஞ்சுதுங்களா?"

உட்கார்ந்துவிடாமல் குனிந்து நின்று, விமானத்தின் உள்கூரையில் முகம் அழுந்தியபடியே பறந்துவிட்டு வந்த செங்கோடன், சுளுக்கிய கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"சேலை எதும் தெரியல புள்ள. மேல போனா பழுப்பு ரெக்சின்தான். ஆனா வானத்துலயும் தையல் நம்ம தையல் மாதிரியே நேரா இருக்குது."