தையல் போட்ட தலைமைப் பாய்

கீழ்க்கடலுக்கும் அப்பால், ஏழு தீவுக்கும் ஒரே ராசாவாக ராத்துமோ என்று ஒருத்தன் இருந்தான். பரம்பரை ராசா என்று நினைத்துவிடாதீர்கள். படகோட்டி. ஏழு தீவுத் தலைவர்களும் கூடித் தேர்ந்தெடுத்தவன்.

சபையில் அவன் உட்காரும் பாய் ஏழு பட்டைகளை முடிந்து செய்தது. தீவுக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு கயிறு. வருஷக் கூட்டத்தில் ராசாவைப் பிடிக்காத தலைவர் தன் கயிற்றை அவிழ்க்கலாம். நாலு அவிழ்ந்தால் பதவி போச்சு. கூட்டம் முடியுமுன் ராசா தானாக எழுந்தாலும் போச்சு.

மூன்று வருஷம் ஆண்ட ராத்துமோவுக்கு இறங்க மனம் வருமா? "இந்தப் பாய் பிரியவே கூடாது. என்ன வழி?" என்று மந்திரியைக் கேட்டான்.

மந்திரி தெமாரியைக் கண்டாலே வயிறெரியும் ஒக்குலு என்ற சபைக்காரன் முந்திக்கொண்டான். "கயிற்றையெல்லாம் உள்ளே மடக்கித் தைத்துவிடலாம், ராசா. மந்திரியே தைக்கட்டும். ஒரு கயிறு வெளியே வந்தாலும் அவரைத் துடுப்பில்லாத படகில் கடலுக்கு அனுப்பிவிடுவோம்."

ராசா மந்திரியின் படகுத் துடுப்பை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டான். மறுத்தாலும் சாவு என்று தெமாரிக்குப் புரிந்தது. உட்கார்ந்து தைத்தார். ஆனால் மற்ற இருவரும் மறந்த ஒன்று அவருக்கு நினைவிருந்தது.

கூட்டம் அமாவாசையன்று. வருஷா வருஷம் அன்றைக்குக் கடல் பொங்கிச் சபைக்குள் வரும். தலைவர்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து, ராசாவைப் பாயோடு மேட்டுக்குத் தூக்கிப் போவார்கள்.

அன்றும் தண்ணீர் வந்தது. ராசாவின் இடுப்பு நனைந்தது.

"தூக்குங்கள்" என்றான்.

"எதைப் பிடித்துத் தூக்குவது, ராசா?" என்றார் ஒரு தலைவர்.

ஒக்குலு பாயைக் கட்டிப் பிடித்து இழுத்தான். வழுக்கி, ராசாவின் மடியிலேயே குப்புற விழுந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. எழுந்தால் பதவி போகும், இருந்தால் உயிர் போகும்.

"தெமாரி, என்னய்யா செய்வது?"

"ராசா, அவிழ்க்கிற கயிறுதான் தூக்குகிற கயிறும். வெட்டவா?"

ராசா பல்லைக் கடித்தான். "வெட்டு."

மந்திரி இடுப்பில் ஒளித்திருந்த சிப்பிக் கத்தியால் தையலை அறுத்தார். ஏழு கயிறும் வெளியே வந்தன. தலைவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்போது அவிழ்த்தால்? அப்புறம் ஒருவர் குனிந்து கயிற்றைப் பிடித்தார். மற்றவர்களும் பிடித்தார்கள். பாய் எழும்பியது.

மேட்டில் ராசா துடுப்பை மந்திரியிடமே கொடுத்தான். "ஆணவத்தில் மூழ்க இருந்த என்னைக் கரையேற்றினாய். இனி உன் சொல் கேட்காமல் நான் எதுவும் செய்யமாட்டேன்." ஈரப் பாயில் மிச்சமிருந்த தையலை எல்லாம் பல்லாலேயே பிரிக்கும் வேலை ஒக்குலுவுக்கு.

அடுத்த வருஷக் கூட்டத்தில் நாலு கயிறு அவிழ்ந்தது. ராத்துமோ முகம் சுளிக்காமல் எழுந்து, பழைய படகைத் தண்ணீரில் தள்ளினான். துடுப்புக்குக் கை நீட்டினால், தெமாரி அதை ஏற்கெனவே கொண்டுவந்து நின்றார்.