அல்வாவுக்குக் காவல்

அரிசி ஆலை முதலாளி கொம்பையாவுக்குச் சர்க்கரை நானூறு. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் இறங்கவில்லை. மாமனார் மேல் யாருக்குப் பாசம் அதிகம் என்ற போட்டியில், இரண்டு மருமகள்களும் அவருக்கு ஒளித்து ஒளித்து அல்வா கொண்டுவந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் சோதித்தும் பலனில்லை.

பெரிய டாக்டர் ஆயா மாடத்தியைக் கூப்பிட்டார். "மூணு நாள்ல சர்க்கரை இறங்கணும். இல்லேன்னா உனக்கு இங்க வேலையில்லை."

மாடத்தி மூத்த மருமகளிடம் ரகசியமாகச் சொன்னாள். "உங்க ஓரகத்தி அல்வா கொண்டு வர்றாங்கம்மா. பெரியவருக்கு ஏதாவது ஆனா பழி உங்க மேலயும்தான் விழும்." இளையவளிடமும் அதையே சொன்னாள். அன்று முதல் ஒருத்தி வந்தால் இன்னொருத்தி கட்டிலருகே காவலிருந்தாள்.

மூன்றாம் நாள் சர்க்கரை நூற்றெழுபது. டாக்டர் மூக்கில் விரலை வைத்தார். "வாட்ச்மேனால முடியாதது உன்னால எப்படி முடிஞ்சுது?"

"வாட்ச்மேன் பையைத்தான் பார்ப்பார் ஐயா. ஓரகத்தி மடியையும் பார்ப்பா."