இரண்டு கதவும் ஒரு குரலும்

பூவலிங்கய்யாவின் மடத்தில் சீடர்கள் என்று பார்த்தால் இரண்டே பேர்தான். கோமதிநாயகம் ஒருவர், பால்வண்ணம் ஒருவர். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அய்யாவே அவர்களைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

கோமதிநாயகம் சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருந்தவர். பால்வண்ணம் லாரிகளுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தவர். வீடு, தொழில், சொந்தபந்தம் எல்லாவற்றையும் துறந்து வந்தவர்கள், ஒன்றை மட்டும் துறக்காமல் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். 'எனக்குத் தெரியும்' என்பதுதான் அது.

அய்யாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரத்தில் இரண்டு நாள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். பஸ்ஸில் அலைய முடியாது என்று பக்தர் ஒருவர் தன் பழைய காரை மடத்துக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் காரைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் கோமதிநாயகம் ரொம்ப நாளாக நெஞ்சில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"அய்யா, தப்பா நெனைக்கக் கூடாது. உங்களுக்குப் பெறகு மடத்த யாரு பாக்கணும்?"

கேட்கும்போதே அவருக்குப் பதில் தயாராக இருந்தது. 'நீதான்' என்று அய்யா வாயால் சொல்லிவிட்டால் போதும்.

அய்யா பின் சீட்டில் ஏறி நடுவில் உட்கார்ந்தார். "இந்தக் கார்ல எங்க குருநாதர் கொரல் சரியா வரல. அதச் சரி பண்ணுங்க. ரெண்டு பேருமாச் சேந்து பண்ணுங்க."

"அய்யா, நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சு."

அய்யாவின் குருநாதர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. யாரோ ஒரு சாயங்காலம் ஒற்றை மைக்கை முன்னால் வைத்துப் பதிந்த பேச்சு ஒன்றுதான் அவருடையதாக மிஞ்சியிருந்தது. அதை கேசட்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தார்கள். கனத்த குரல், நெஞ்சுக்கூட்டைத் தொடுகிற குரல். பேச்சின் நடுவே ஓரிடத்தில், "பூவு, அந்த ஜன்னலச் சாத்துடா" என்று சொல்வார். அவ்வளவுதான். மற்றபடி உலகம், மாயை என்று பேச்சு போய்விடும்.

அய்யா காத்திருப்பது உலகத்துக்கும் மாயைக்கும் அல்ல, அந்த ஜன்னலுக்குத்தான். ஊசி ஏறி ஏறிப் புடைத்த கையைத் தடவிக்கொண்டே அந்த இடம் வருகிறதா என்று காதைத் தீட்டி வைத்திருப்பார். ஊரே விழுந்து கும்பிடுகிற மனுஷனை 'பூவு' என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? கார் ஸ்பீக்கரோ கரகரவென்று சரியாக அந்த இடத்தில்தான் கழுத்தை அறுக்கும்.

பால்வண்ணம் கதவின் உள்பலகையைக் கழற்றிப் பார்த்தார். "கம்பெனியில மாட்டிவிட்ட ஸ்பீக்கரு அய்யா. பேப்பரு கிழிஞ்சு தொங்குது."

"செட்டையே மாத்திருவோம்," என்றார் கோமதிநாயகம். "பெரிய திரை வச்சது வந்திருக்கு. டிக்கியில ஒரு ஆம்ப்ளிஃபயரு, சீட்டுக்கு அடியில ஒரு ஊஃபரு..."

"நாம என்ன கல்யாணத்துக்கா போறோம்?" என்றார் அய்யா. "கிழிஞ்சது பேப்பருதான? அத மட்டும் மாத்துங்க."

மடத்தின் கையிருப்பு ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குத்தான் போதும். முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் துண்டித்துவிட்டு, அய்யா உட்காரும் பின் சீட்டுக்கு இரு பக்கமும் உள்ள கதவுகளில் மட்டும் புதியதை மாட்டுவது என்று முடிவாயிற்று. தகரம் அதிராமல் இருக்கக் கதவுக்குள் தார் ஷீட் ஒட்டிவிடலாம். செட்டு பழசே இருக்கட்டும். கையைக் கடிக்காத நல்ல யோசனை. இருவரும் சேர்ந்து செய்த கடைசி யோசனையும் அதுதான்.

வேலையை ஆளுக்கொரு கதவாகப் பிரித்துக்கொண்டார்கள். இடக்கதவு கோமதிநாயகத்துக்கு, வலக்கதவு பால்வண்ணத்துக்கு. பழைய பிளக் புது ஸ்பீக்கரில் சேரவில்லை. அதை வெட்டிவிட்டு ஒயரை நேரே கொடுக்க வேண்டியிருந்தது. கதவுக்கு இரண்டு ஒயர். ஒன்றில் கோடு போட்டிருந்தது, இன்னொன்று வெறுமனே இருந்தது.

கோமதிநாயகம் தொழில் பழகிய இடத்தில் கோடு போட்ட ஒயர் பிளஸ். பால்வண்ணம் பழகிய இடத்தில் அது மைனஸ். "நீரு எப்படிக் குடுக்கீரு?" என்று ஒருவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் தீர்ந்தது. கேட்பார்களா? கேட்டால் கிரீடம் இறங்கிவிடுமே! அவரவர் கதவுக்குள் அவரவர் தலையை விட்டுக்கொண்டு, அவரவருக்குத் தெரிந்தபடி முறுக்கி டேப் சுற்றி மூடினார்கள்.

செட்டில் சத்தத்தை ஒரு பக்கமாக ஒதுக்குகிற திருகு ஒன்று உண்டு. அதை இடப்பக்கம் தள்ளி இடக்கதவை மட்டும் பாட விட்டார்கள். குருநாதர் கணீரென்று பேசினார். வலக்கதவை மட்டும் விட்டார்கள். அதிலும் கணீர். திருகை நடுவில் வைத்து இரண்டையும் சேர்த்து விட்டதும் குரல் சப்பையாகிவிட்டது. கனம் முழுக்கப் போய், எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் ஆகாசத்தில் அலைந்தது.

அய்யா நடு சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"கொரல் இருக்கு," என்றார். "ஆளக் காணோம்."

இருவருக்கும் உடனே விஷயம் விளங்கிவிட்டது. தொழில் தெரியாதவர்கள் இல்லையே. ஒரு ஸ்பீக்கர் காற்றை வெளியே தள்ளுகிற அதே நேரத்தில் இன்னொன்று உள்ளே இழுக்கிறது. தனியே விட்டால் இரண்டும் சமர்த்து. சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஏதாவது ஒரு கதவில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

"கோளாறு அந்தக் கதவுலதான் அய்யா," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கை மட்டும் வேறு வேறு திசையைக் காட்டியது.

"கோடு போட்டதுதான் வே பிளஸ்ஸு," என்றார் கோமதிநாயகம். "எத்தன கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்கு கட்டியிருக்கேன்!"

"கொடைக்குக் கட்டுனீரு, சரி. இது வண்டி. வண்டியில கோடு போட்டது மைனஸு."

"அப்ப உம்ம கதவ மாத்தும்."

"நான் எதுக்கு மாத்தணும்? என் கதவு தனியா நல்லாத்தான பாடுது?"

"என் கதவு மட்டும் ஒப்பாரியா வைக்கு?"

அய்யா இருவரையும் பார்த்தார். "யாரு மாத்துனா சரியாவும்?"

"யாரு மாத்துனாலும் சரியாயிரும் அய்யா," என்றார் பால்வண்ணம். "ஆனா தப்பு அவரு பேர்லல்லா இருக்கு?"

"சரி. யாராவது மாத்துங்க." அய்யா இறங்கிப் போய்விட்டார்.

யாராவது செய்யட்டும் என்று விட்ட காரியம் என்றைக்கு நடந்திருக்கிறது? ஒரு பக்கத்தை அணைத்துவிட்டாவது ஓட்டலாம் என்றால், எந்தப் பக்கத்தை என்பதில் மறுபடியும் அதே சண்டை. ஒரே உறையில் இரண்டு கத்தி. அய்யா வாரா வாரம் அந்த நடு சீட்டில் உட்கார்ந்து போய்வந்தார். 'பூவு' என்ற சொல் வரும். புகை போல வந்து, பிடிப்பதற்குள் கலைந்துவிடும். அடப் பாவிகளா, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்ச நேரமும் போதுமே! அதைக் கொடுக்க மனசு வராமல் இரண்டு பெரிய மனுஷர்கள் அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அய்யாவுக்கு முகமும் காலும் வீங்க ஆரம்பித்தது. ஒருநாள் டாக்டர், "அடுத்த தடவ வரும்போது தங்குற மாதிரி வந்துருங்க," என்றார். எத்தனை நாள் தங்க வேண்டும் என்று அய்யா கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் கோமதிநாயகத்துக்குத் திடீரென்று மூளையில் மணி அடித்தது. நான் கேட்டது மடத்தைப் பற்றி. அய்யா காட்டியது காரை. ஏன்? இரண்டு பேரையும் சேர்ந்து செய்யச் சொன்னார். தப்பு வந்தபோது யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. யாராவது மாற்றுங்கள் என்று மட்டும் சொன்னார். அடடா, இது பரீட்சை! விட்டுக்கொடுக்கிறவன் எவனோ அவனுக்குத்தான் மடம்! இதுகூடப் புரியாமல் இத்தனை நாளாக மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பால்வண்ணம் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். கோமதிநாயகம் இடக்கதவின் பலகையைக் கழற்றி ஒயர்களை இடம் மாற்றினார். டேப் சுற்றினார். ஒரு கீறல் தெரியாமல் பலகையை மூடிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

நாளைக்கு வண்டியில் அய்யா கண்ணைத் திறந்து, "யாரு மாத்துனது?" என்று கேட்பார். தான் பதில் சொல்லப் போவதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருப்பது என்று முடிவு செய்தார். எவ்வளவு குனிவது என்று கிணற்றடியில் ஒரு தடவை குனிந்தும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை அய்யாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நடு சீட்டில் உட்கார வைத்தார்கள். கோமதிநாயகம் வண்டியை எடுத்தார். பால்வண்ணம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முகத்திலும் அன்றைக்கு ஒரு சாந்தம் தெரிந்தது. கோமதிநாயகம் அதைக் கவனித்தார். பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டார்.

மெயின் ரோட்டில் ஏறியதும் செட்டைப் போட்டார்.

குரல் வந்தது. அதே சப்பைக் குரல்தான்.

கோமதிநாயகம் திருகைத் தொட்டுப் பார்த்தார், அது நடுவில்தான் இருந்தது. தலை குனிவது, சும்மா இருப்பது எல்லாம் பறந்துபோய், "நான்தான் மாத்திட்டேனே!" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பால்வண்ணம் சட்டென்று திரும்பினார். "எத மாத்துனீரு?"

"என் கதவ. நேத்து மத்தியானம்."

பால்வண்ணத்தின் முகத்திலிருந்த சாந்தம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

"அடக் கிரகமே! நானும்லா மாத்துனேன், இன்னைக்கு விடியக்காலம்!"

மறித்து நின்றபோது ஒருவருக்கொருவர் மறித்து நின்றார்கள். வழிவிட்டபோதும் இருவரும் சேர்ந்தே வழிவிட்டு, மறுபடியும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். பின்னால் குருநாதர் உடம்பில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கத்த அணச்சிருவோம் அய்யா," என்றார் கோமதிநாயகம் அவசரமாக. "ஒரு கதவு போதும். கொரல் சரியாயிரும். என் கதவ அணைக்கேன்." ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் திருகுக்குக் கொண்டுபோனார்.

பால்வண்ணத்தின் கை அங்கே முன்னாலேயே இருந்தது. "வேண்டாம் வே. என் கதவ அணச்சிருவோம். உம்ம கதவு பாடட்டும்."

"சொன்னாக் கேளும். நான்தான் மொதல்ல மாத்துனேன்."

"மொதல்ல மாத்துனா என்ன? விடும் கைய!"

ஒருவர் திருகை இந்தப் பக்கம் தள்ள, மற்றவர் அந்தப் பக்கம் தள்ள, குரல் இடக்கதவுக்கும் வலக்கதவுக்கும் பந்தாடப்பட்டது. அந்த இழுபறிக்குள் அந்த இடம் வந்தது. பாதிச் சொல் இங்கே, பாதிச் சொல் அங்கே. பிறகு குருநாதர் உலகத்தைப் பற்றிப் பேசப் போய்விட்டார்.

அய்யா கண்ணைத் திறந்தார். "அத நிறுத்து."

கோமதிநாயகம் செட்டை அணைத்துவிட்டு வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். திருகிலிருந்து பால்வண்ணத்தின் கை மெல்ல விலகியது. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"இன்னொரு தடவ மொதல்லருந்து போடட்டுமா அய்யா?" என்று கேட்டார் கோமதிநாயகம்.

"வேண்டாம்."

கோமதிநாயகத்துக்கு அழுகை முட்டியது. ஆத்திரமும் முட்டியது. எதன்மேல் ஆத்திரம் என்று அவருக்கே தெரியவில்லை. சீட்டில் பாதி திரும்பி உட்கார்ந்தார்.

"அய்யா, வீம்பு புடிச்சு நின்னோம், அது தப்புதான். ஆனா கடைசியில நானும் விட்டுக்குடுத்துத்தான் மாத்துனேன். அவரும் விட்டுக்குடுத்துத்தான் மாத்தியிருக்காரு. விட்டுக்குடுத்ததுலயுமா தப்பு?"

அய்யா வீங்கின கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் கேக்கணும்னு மாத்தியிருந்தா, மாத்துன கையோட ஒரு தடவ போட்டுக் கேட்டிருப்பீங்க," என்றார்.