கதவுக்குப் பின்னால் ஏழு பேர்

ஏழூர் நாட்டில் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவானதற்கு முதல் நாள் நடந்தது இது.

அதுவரை அங்கே வழக்கம் வேறு. ஊருக்கு ஒருவராக ஏழு பேரை அனுப்புவார்கள். அவர்கள் சாவடிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வருடம் ஏழு ஊரும் செங்கோடன் பெயரைத்தான் சொல்லி அனுப்பின. கதவு திறந்தபோது ஆதிமூலம் தலைவராகியிருந்தார். உள்ளே போனவர்களில் சிலர் மாறிவிட்டார்கள். யார் யார் என்று வெளியே ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவர் எண்ணெய் வியாபாரி பொன்னுரங்கன். மடத்துத் தலைவி வடிவம்மையின் நெடுநாள் சீடர். மறுநாள் சபை கூடுகிறது. பழைய வழக்கத்தை மாற்றக் கூடாது என்று அங்கே பேசப்போவதாகக் குருவிடம் சொல்ல வந்திருந்தார்.

"ஏன் மாற்றக் கூடாது?" என்று கேட்டார் வடிவம்மை.

"மாற்றினால் நாங்கள் ஏழு பேரும் திருடர்கள் என்று ஆகிவிடும், அம்மா. நான் செங்கோடனுக்குத்தான் போட்டேன். என் பிள்ளைமேல் சத்தியம்."

"ஊர் நம்பவில்லையா?"

"கடைப்பக்கம் ஒருவரும் வருவதில்லை. என் மனைவியே, உள்ளே என்னதான் நடந்தது என்று தினமும் கேட்கிறாள்."

"மற்ற ஆறு பேர் என்ன சொல்கிறார்கள்?"

"செங்கோடனுக்குத்தான் போட்டோம் என்கிறார்கள்." பொன்னுரங்கன் குரலைத் தாழ்த்தினார். "அவர்களில் ஒருவரையும் நான் நம்பவில்லை."

பிறகு தன் பேச்சுக்கே திரும்பினார்.

"சனங்களிடம் விட்டால் மட்டும் என்ன ஆகும்? கறிச்சோறு போட்டவன் பின்னால் போய்விடுவார்கள்."

"போகலாம்."

அந்த நேரம் ஒரு பெண் கூடை நிறையப் பலாச்சுளை கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

பின்கட்டில் சீடர்கள் நெல் குத்திக்கொண்டிருந்தார்கள். வடிவம்மை கூடையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெறுங்கூடையோடு திரும்பி வந்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் கொடுத்தாயிற்று."

"சரி, அம்மா."

"ஏன் என் வாயைப் பார்க்கிறாய்?"

"இல்லையே."

"பார்த்தாய்."

பொன்னுரங்கனுக்கு முகம் சிவந்தது. "உலக்கைச் சத்தம் நிற்கவே இல்லை. அதனால்தான்..."

"அவர்களுக்குக் கை வேலையாக இருந்தது. வாயில் ஊட்டினேன்."

"அத்தனை பேருக்கும்?"

"அத்தனை பேருக்கும்."

பொன்னுரங்கன் சாத்திய கதவைப் பார்த்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"உள்ளே போய் ஒரு வார்த்தை விசாரிக்கட்டுமா?"

"விசாரி. என் சீடர்கள்தானே. நான் சொல்வதைத்தான் அவர்களும் சொல்வார்கள்."

பொன்னுரங்கன் எழவில்லை.

"அம்மா, என்னிடம் உண்மையைச் சொல்லுங்கள். கொடுத்தீர்களா?"

"கொடுத்தேன்."

பொன்னுரங்கன் காத்திருந்தார்.

"இவ்வளவுதானா?"

"நீ ஊருக்குச் சொன்னதும் இவ்வளவுதானே," என்றார் வடிவம்மை.