சிகாகோ பிளேயர்

மதுரையில் தணிகாசலம் வீட்டு டிவிடி பிளேயர் சிகாகோவிலிருந்து வந்தது. அப்படித்தான் அவர் சொல்லுவார். "நானே நேர்ல போய் வாங்கினதாக்கும். ஒரிஜினல் சிகாகோ!" என்று கீரைக்காரம்மாவிடம்கூடச் சொல்லியிருந்தார்.

பெண் பார்க்க வந்த அமெரிக்க மாப்பிள்ளை, அங்கிருந்து தான் கொண்டுவந்த படத்தை அதில் போட்டார். பிளேயர் அதை லபக்கென்று விழுங்கியது. 'இந்த டிவிடி இங்கே ஓடாது' என்று திரையில் இங்கிலீஷில் எழுதிவிட்டு, வெளியே துப்பியது.

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "ஏய் பவுனு! ஈரத் துணியால துடைச்சுக் கெடுத்துட்டியா? இவங்க காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இதை ஓட வை. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

வேலைக்காரி பவுனு, மேசைமேல் கிடந்த உள்ளூர்ப் படத்தை எடுத்துப் போட்டாள். ஜம்மென்று ஓடியது.

"மிஷின் நல்லாத்தான் இருக்குங்கய்யா."

மாப்பிள்ளை விளக்கினார். "அமெரிக்க டிவிடி அமெரிக்க பிளேயர்லதான் ஓடும் அங்கிள்."

"இதுவும் அமெரிக்காதானுங்களே," என்றாள் பவுனு. "வெளிநாடு போனவங்க சொந்த ஊரை மறப்பாங்க. இது மதுரைக்கு வந்து அமெரிக்காவை மறந்துடுச்சு போல."

"அது... ஃபிளைட்ல வரும்போது அதிர்ந்திருக்கும்."

"ஆட்டோவுலதானுங்களே வந்துச்சு? டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர்தானே கூடவே வந்து மாட்டிக் குடுத்தாரு."

தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார். இவளை வெளியே அனுப்பினால் இன்னும் எங்கெங்கே போய் என்னென்ன சொல்வாளோ? வேலையை விட்டு நிறுத்துகிற பேச்சு அத்தோடு நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொண்ணாவது உங்க சொந்தப் பொண்ணுதானே?"