மணலில் ஐந்து கோடுகள்

ஒரு காட்டில், ஆற்றங்கரை மருத மரத்துப் பொந்தில், காத்தாயி என்று ஓர் உடும்பு இருந்தது. ஏழு வருஷமாக அங்கேதான் இருந்தது. ஆனாலும் அந்தக் காட்டுக் குடிகளில் ஒன்றாக அதை யாரும் இன்னும் சேர்க்கவில்லை.

காத்தாயி ஆசைப்பட்டு அங்கே வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் கரடும் பாறையுமாக ஒரு பொட்டல் உண்டு. அங்கே அக்கா ராக்காயியோடு ஒரே பொந்தில் வளர்ந்தது. ஓர் ஐப்பசி வெள்ளத்தில் பொந்து இடிந்து போயிற்று. மிதந்து வந்த கட்டையைத் தங்கை பிடித்துக்கொண்டது. அக்கா பாறையைப் பிடித்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் லேசில் விடுமா? கட்டை இக்கரையில் வந்து ஒதுங்கிய பிறகுதான் காத்தாயி பிடியை விட்டது. திரும்பிப் பார்த்தால் நடுவே ஆறு, ஆறு நிறைய முதலை.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். அது சும்மா சொல்லும் பேச்சு என்று நினைக்காதீர்கள் குழந்தைகளே, இந்த ஆற்றில் அது கண்கண்ட உண்மை. இக்கரையில் நண்டு, நத்தை, எலி, கரையான் புற்று எல்லாம் இருந்தன. அக்கரையில் வெயில்தான் இருந்தது.

தினமும் சாயங்காலம் ராக்காயி அக்கரைப் பாறைமேல் ஏறி நிற்கும். இக்கரையில் காத்தாயி நிற்கும். ஆற்று இரைச்சலில் ஒரு வார்த்தைகூடக் கேட்காது. தங்கை வாலைத் தூக்கும். அக்காவும் வாலைத் தூக்கும். பொழுது விழுந்ததும் இரண்டும் பொந்துக்குப் போய்விடும்.

உடும்புக்குக் கொழுப்பு சேர்வது வாலில். வாலைப் பார்த்தாலே வயிறு தெரிந்துவிடும். அக்காவின் வால் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே வந்தது. அதைப் பார்த்த பிறகு காத்தாயிக்கு நண்டும் இறங்காது, நத்தையும் இறங்காது.

ஆற்றைக் கடக்க ஒரே வழி துறை யானைதான். அதன் காலைக் கண்டால் முதலைகள் ஒதுங்கிக்கொள்ளும். காத்தாயி அதனிடம் போய்க் கெஞ்சியது.

"ஐயா, எங்க அக்காவை மட்டும் இக்கரைக்குக் கொண்டாந்து விடுங்க."

"நீ இந்தக் காட்டுக் குடியா?" என்று கேட்டது யானை.

"இல்லைங்கய்யா."

"குடியா இருக்கறவங்க வந்து, 'அவ என் உறவு, அவளுக்கு நான் பொறுப்பு'ன்னு சொன்னாத்தான் முதுகுல ஏத்துவேன். சபை போட்ட கட்டு அது. நீ குடியாகிட்டு வா. உங்க அக்காவைப் பூப்போல கொண்டாந்து இறக்குறேன்."

குடியாவதற்கு ஒரு தேர்வு உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில் நடக்கும். நடத்துவது ஆமையார். சட்டத்தைவிட்டு ஓர் அடிகூட இப்படி அப்படி நகராதவர். மற்ற நேரத்திலும் அவர் அதிகம் நகர்வதில்லை என்பது வேறு விஷயம். காட்டைப் பற்றி நூறு கேள்விகள் வைத்திருப்பார். அதில் பத்தைக் கேட்பார். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஆற்று மணலில் நகத்தால் ஒரு கோடு போடுவார். ஆறு கோடு விழுந்தால் அன்றைக்கே குடி. விழாவிட்டால் அடுத்த மாசி.

நூறு கேள்விக்கும் பதில் யாருக்குத் தெரியும்? விசாரித்தால் எல்லோரும் சொக்கனைக் காட்டினார்கள். சொக்கன் ஒரு கிளி. ஆமையார் தேர்வு நடத்தும் இடத்துக்கு நேர் மேலே ஒரு கிளையில் முன்னொரு காலத்தில் குடியிருந்தது. அப்போது காதில் விழுந்ததை எல்லாம் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

"நூறும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனா நீ முட்டை தின்னுற வாயாச்சே, உன்னை எப்படிக் கிட்ட சேர்க்கறது?" என்றது சொக்கன்.

"அண்ணே, இனிமே முட்டை இருக்கற பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"படுக்கணும்! என் பொந்துக்கு அடியிலேயே தலைவச்சுப் படு. பாம்பு வராமப் பார்த்துக்கோ. அதுதான் எனக்கு நீ குடுக்கற கூலி."

அன்றிலிருந்து காத்தாயி பகலெல்லாம் கிளிப் பொந்துக்குக் காவல் கிடந்தது. மேலிருந்து கிளி சொல்லும், கீழிருந்து உடும்பு திருப்பிச் சொல்லும்.

"நீர்த்துறையில யாருக்கு முதல் இடம்?"

"குட்டியோட வர்றவங்களுக்கு."

"காட்டுத் தலைவர் யார்?"

"சிங்கராயர்."

பிடித்ததை விடாத பிறவி அல்லவா? ஒரு பதிலை ஒரு முறை வாங்கிக்கொண்டால், அடித்தாலும் அதன் வாயிலிருந்து வேறு பதில் வராது.

பக்கத்துப் புதரில் மூக்காயி என்ற முள்ளம்பன்றி இருந்தது. மனசில் பட்டதைக் குத்துகிற மாதிரி சொல்லிவிடும். ஒருநாள் அது காத்தாயியைக் கூப்பிட்டது.

"வெள்ளிக்கிழமை சபை கூடுது, வா. குடியா இல்லாதவங்களும் ஓரமா உக்காந்து கேக்கலாம்."

"எனக்குப் பாடம் இருக்கு மதினி."

"அடியே, அங்க நடக்கறதைத்தானே பாடம்னு கேக்கறாங்க?"

"கிளியண்ணன் கோவிச்சுக்கும் மதினி."

"அது சரி. ஊரைத் தெரிஞ்சுக்க ஊருக்குள்ள போகாம மரத்தடியிலேயே கிட" என்று முள்ளைச் சிலுப்பிக்கொண்டு போய்விட்டது மூக்காயி.

அந்தக் கார்த்திகையில் காட்டில் ஒரு பெரிய காரியம் நடந்தது. சிங்கராயருக்குப் பல் எல்லாம் விழுந்து, பார்வையும் மங்கிப் போயிருந்தது. "எனக்குப் போதும், நல்ல ஆளாகப் பார்த்து நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று விலகிக்கொண்டார். கரடி ஒரு பக்கம் நின்றது. காட்டெருமை மாரப்பன் ஒரு பக்கம் நின்றது. கரடி வேண்டுமென்றால் வெள்ளைக் கல், மாரப்பன் வேண்டுமென்றால் கறுப்புக் கல். கல்லைக் கொண்டுபோய் உச்சிப்பாறை மேல் வைக்க வேண்டும். கீழே மழைத்தண்ணீர் வந்துவிடும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு.

உச்சிப்பாறையோ வழுக்குப் பாறை. ஏறமாட்டாதவர்கள் என்ன செய்வார்கள்? காத்தாயியைத்தான் கூப்பிட்டார்கள். பாறையைப் பிடித்து ஏறுவதில் உடும்பை மிஞ்ச ஆள் உண்டா? கிளிக்கு ஒருநாள் லீவு சொல்லிவிட்டு அது காலையிலிருந்து சாயங்காலம் வரை கல் சுமந்தது. முயல் கல், தவளை கல், கிழட்டு மானின் கல் என்று ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஏறியது. கடைசிக் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கறுப்புக் குவியல் வெள்ளைக் குவியலைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நின்றது. மாரப்பன்தான் தலைவர் என்று காட்டிலேயே முதலில் கண்டது காத்தாயிதான்.

இத்தனை கல்லில் தன் கல் ஒன்றுகூட இல்லையே என்று அதற்குத் துக்கமாக இருந்தது. அடுத்த முறை எனக்கும் ஒரு கல் இருக்கும், அதை என் அக்கா கூட நின்று பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டே இறங்கியது.

மறுநாள் கிளியிடம் கேட்டது.

"அண்ணே, தலைவர் யாருங்கற கேள்விக்கு இனிமே மாரப்பன்னு சொல்லணும் இல்ல?"

சொக்கனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நூத்துல ஒண்ணை மாத்தினா மத்த தொண்ணூத்தொம்பதும் என்ன ஆகும்? நான் பொறந்ததிலிருந்து இந்தக் காட்டுல இருக்கேன். நீ நேத்து வந்த வந்தேறி. எனக்கே சொல்லிக் குடுக்கறியா?"

"நான் கண்ணால பார்த்தேன் அண்ணே..."

"நீ பார்த்ததை யார் கேட்டா? தேர்வு வேற, காடு வேற. நான் சொன்னதைச் சொல்லு, குடியாவே. நீ பார்த்ததைச் சொல்லு, இப்படியே கிடப்பே."

பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார், வந்து ஒண்டிய நாம் என்ன கண்டோம் என்று காத்தாயி தன்னைத்தானே அடக்கிக்கொண்டது. அந்த ஒரு வார்த்தை, வந்தேறி, அதன் வாயை அப்படிக் கட்டிப்போட்டது.

மாசி வந்தது. தேர்வுக்கு முதல் நாள், ஆற்றைத் தாண்டிப் போகிற ஒரு கொக்கிடம் காத்தாயி சொல்லி அனுப்பியது. "எங்க அக்காகிட்டச் சொல்லு. நாளைக்குச் சாயங்காலம் பாறையை விட்டு இறங்கித் துறைக்கு வந்து நிக்கச் சொல்லு. யானை வரும்."

நூறும் மனப்பாடம் இருக்கிறதே, இனி என்ன பயம்?

மறுநாள் ஆமையார் மணலில் வந்து உட்கார்ந்தார். உட்காரவே ஒரு நாழிகை ஆயிற்று. காத்தாயி எதிரே நின்றது. மூக்காயியும் வந்து ஓரமாக நின்றது.

"நீர்த்துறையில யாருக்கு முதல் இடம்?"

"குட்டியோட வர்றவங்களுக்கு ஐயா."

ஒரு கோடு.

"தீயைக் கண்டா முதல்ல என்ன செய்யணும்?"

"சத்தம் போட்டு எல்லாரையும் எழுப்பணும். அப்புறந்தான் ஓடணும்."

இரண்டாவது கோடு.

"சபையில எத்தனை பேர்?"

"ஏழு பேர்."

கோடு விழவில்லை. வௌவாலையும் முள்ளம்பன்றியையும் சேர்த்து ஒன்பதாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒன்பதில் ஒருத்தியான மூக்காயி தலையில் அடித்துக்கொண்டது.

கிளி வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தது. ஆமையார் வரிசையாகக் கேட்கவில்லை. அதனால் காத்தாயிக்குப் பதில்கள் இடம் மாறிப் போயின. மேற்கு எல்லை எது என்று கேட்டதற்கு "நீர்நாய்" என்றது. ஆற்றுக் காவல் யாருக்கு என்று கேட்டதற்கு "மூங்கில் குன்று" என்றது. மரத்தின் மேலிருந்த அணில்கள் சிரித்துவிட்டன. மழைக்காலத்தில் மூங்கில் காட்டுக்குள் போகலாமா என்றதற்குப் போகலாம் என்றது. யானைகள் அங்கே குட்டி போடுவதால் அந்த வழியைச் சபை போன வருஷமே மூடியிருந்தது.

இருந்தாலும் காத்தாயி தளரவில்லை. ஒன்பது கேள்வி முடிந்தபோது மணலில் ஐந்து கோடுகள் இருந்தன.

இன்னும் ஒன்று. ஒரே ஒரு கோடு விழுந்தால் அக்கா வந்துவிடுவாள்.

ஆமையார் காத்தாயியை ஏற இறங்கப் பார்த்தார். கடைசிக் கேள்வியை மெதுவாகக் கேட்டார்.

"நம்ம காட்டுத் தலைவர் யார்?"

கறுப்புக் குவியல் கண்முன்னே வந்தது. மாரப்பன் என்ற பெயர் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அதே சமயம் கிளியின் குரலும் காதில் கேட்டது. நீ பார்த்ததை யார் கேட்டா?

"சிங்கராயர்" என்றது காத்தாயி.

ஆமையாரின் நகம் அசையவில்லை.

"ஏம்மா, கார்த்திகையில உச்சிப்பாறைக்குக் கல் சுமந்தது நீதானே?"

"ஆமாங்கய்யா."

"என் கல்லையும் நீதான் சுமந்தே. என்ன நிறம்னு சொல்ல மாட்டேன், அது என்னோட. ஆனா யார் ஜெயிச்சதுன்னு இந்தக் காட்டுல முதல்ல பார்த்த கண்ணு உன்னோட கண்ணு. அப்புறம் ஏன் இப்படிச் சொன்னே?"

"நான் வந்தவ தானேங்கய்யா. நான் பார்த்தது சரியா இருக்குமோ என்னமோன்னு... ஐயா, இப்பச் சொல்றேன். மாரப்பன். மாரப்பன் ஐயா!"

"எனக்கும் மனசு கேக்கலைம்மா. ஆனா இன்னிக்கு இரக்கப்பட்டு ஒரு கோடு கூடப் போட்டா, நாளைக்குக் கோபப்பட்டு ஒரு கோடு குறைக்கவும் செய்வேன். அடுத்த மாசிக்கு வா."

மரத்தின் மேலிருந்து சொக்கன், "என் பாடத்துல அப்படித்தான் இருக்கு, என் பாடத்துல அப்படித்தான் இருக்கு" என்று கத்திக்கொண்டிருந்தது. அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் காத்தாயி துறைக்குப் போனது. யானை முழங்கால் தண்ணீரில் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"என்ன காத்தாயி, போகட்டுமா?"

"ஒரு கோடு குறைஞ்சுபோச்சுங்கய்யா."

யானை கரையேறிப் போய்விட்டது.

அக்கரையில் பாறை காலியாக இருந்தது. ராக்காயி கீழே, தண்ணீர் ஓரத்துக்கே வந்து நின்றது. ஏழு வருஷத்தில் அத்தனை கிட்டத்தில் காத்தாயி அதைப் பார்த்ததில்லை. விலா எலும்பைக்கூட எண்ணலாம் போல இருந்தது. அக்கா சந்தோஷமாக வாலைத் தூக்கியது. காத்தாயிக்கு வால் எழவில்லை. தூக்கினால் யானை வருகிறது என்று அக்கா நினைத்துக்கொள்வாள். இன்னும் ஒரு வருஷம் பொறு என்று சொல்ல வாலுக்குத் தெரியாது. "அக்கா, தெரிஞ்ச பதிலை விட்டுட்டேன் அக்கா" என்று வாய்விட்டுக் கதறியது. ஆற்று இரைச்சலில் அதுவும் போய்விட்டது.

வெளிச்சம் மங்கும்வரை ராக்காயி அங்கேயே நின்றது. இடையில் ஒருமுறை முன்னங்காலைத் தண்ணீரில் வைத்துப் பார்த்து, திரும்ப எடுத்துக்கொண்டது.

நீதி: அடுத்தவர் ஒப்பிக்கும் பாடத்துக்காக, நீயே கண்டு அறிந்த உண்மையை விட்டுவிடாதே.