ரோட்டுக்கும் டிராக்குக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கார்

கருக்கம்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இருந்தது. புதுச் சட்டையைக் கசங்கிவிடும் என்று பெட்டியிலேயே மடித்து வைத்திருப்பார்களே, அப்படி வைத்திருந்தார்கள்.

அந்த ஊரில் கிரைண்டர் ரிப்பேர் கடை நடத்திவந்த செங்கோடனிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. வாரத்தில் ஐந்து நாள் அவன் மனைவி மரகதம் டீச்சர் அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். ஞாயிற்றுக்கிழமையானால் செங்கோடன் அதே காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவான். வளைவில் நல்ல பிடிப்பு வேண்டும் என்று பின் சக்கரம் இரண்டையும் உள்பக்கமாக நன்றாகச் சாய்த்து வைத்திருந்தான். பிடித்தது, இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் நேர் ரோட்டில் ஓடிய இரண்டே மாதத்தில் டயரின் உள்ஓரம் கம்பி தெரியத் தேய்ந்து வெடித்து, பரீட்சை டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்த மரகதத்தை ஒரு சோளக்காட்டுப் பக்கம் நிறுத்திவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் சத்தம் போடவில்லை. "இன்னொருக்கா டயரைத் தின்னுச்சுன்னா, காரோட நீங்களும் ஷெட்லயே இருந்துக்குங்க," என்று மட்டும் சொன்னாள்.

செங்கோடன் யோசித்துப் பார்த்து, "தலகாணி குடுப்பியா?" என்று கேட்டான்.

அவள் திண்ணையில் கிடந்த தலகாணியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தலகாணி கிடையாது என்று புரிந்ததும்தான் அவன் புது டயர் வாங்க ஓடினான்.

புது டயர் மாட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் மூன்று ரவுண்டு போட்டி. பதினேழாம் நம்பராகப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. பின் சக்கரத்தைச் சரியாக வைத்துத்தர வேண்டிய மெக்கானிக் லூர்துசாமியோ பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். சனிக்கிழமை காலையில் செங்கோடன் அவருக்குப் போன் போட்டான். பக்கத்தில் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேர் நின்றார்கள்: தேங்காய் வியாபாரி நஞ்சப்பன், சவுண்ட் சர்வீஸ் பொன்னுரங்கம்.

"பயப்படாதீங்க தம்பி, நான் சொல்லச் சொல்லச் செய்ங்க," என்றார் லூர்துசாமி. "மொதல்ல வண்டியச் சமதரையில நிறுத்தோணும். தண்ணி ஊத்துனா எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. அப்படியொரு எடமாப் பாருங்க."

மூவரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் ஊற்றினார்கள், தண்ணீர் கிழக்கே ஓடியது. வீதியில் ஊற்றினார்கள், மேற்கே ஓடி ஒருவர் செருப்பை எடுத்துக்கொண்டு போனது. கோயில் முன்னால் ஊற்றினார்கள். எந்தப் பக்கம் ஓடியது என்று மூவரும் பேசி முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது. கடைசியில் ஊர்க்குட்டையில் போய் ஒரு குடம் ஊற்றினார்கள்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"எங்கியுமே ஓடலீங்கண்ணா," என்றான் பொன்னுரங்கம்.

"இத்தனை வருசமா இங்கதான் இருக்கறோம், இப்படியொரு சமதரை இருக்கறது தெரியலையே மாப்ளே," என்றான் நஞ்சப்பன்.

காரைக் குட்டைக்குள் இறக்கினார்கள். சக்கரம் முங்கிப்போனதால் வேலை செய்ய வசதிப்படவில்லை. மத்தியானம் ஒரு டிராக்டர்காரர் வந்து இழுத்துவிட்டார். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவர் பக்கத்து ஊர். இந்த ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்.

அடுத்த போனில் லூர்துசாமி சொன்னார்: "பின் வீல் ரெண்டும் லேசா உள்ள பாத்தாப்புல இருக்கோணும். அப்பத்தான் வண்டி நேராப் போகும்."

"எதுக்கு உள்ளன்னு சொல்லலியே," என்றான் நஞ்சப்பன்.

"ஷெட்டுக்கு உள்ளதான். வேற எங்க இருக்குது உள்ள?" என்றான் செங்கோடன்.

காரைத் திருப்பி, பின்பக்கம் ஷெட்டைப் பார்க்க நிறுத்தினார்கள். பொன்னுரங்கம் கதவை அகலத் திறக்கப் போனான். செங்கோடன் பாய்ந்து கையைப் பிடித்துக்கொண்டான். "லேசான்னாரு பொன்னு! முழுசாத் தெறந்து உட்டுறாதே!" ஒரு சாண் மட்டும் திறந்துவைத்தார்கள். சக்கரங்கள் உள்ளே இருந்த பழைய கிரைண்டர்களை நன்றாகப் பார்த்து முடிக்கட்டும் என்று கால்மணி நேரம் விலகி நின்றார்கள்.

மூன்றாவதுதான் கஷ்டமான வேலை. "வீலோட தலை உள்பக்கமாச் சாயோணும்," என்றார் லூர்துசாமி. "ஒன்றரை டிகிரி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது."

செங்கோடன் போனைப் பொத்திக்கொண்டு திரும்பினான். "ஒன்றரை டிகிரி வேணுமாமா. நம்மகிட்ட எத்தனை இருக்குது?"

"நான் பி.காம். முடிச்சிருக்கறேன். அது ஒண்ணு," என்றான் நஞ்சப்பன் அடக்கமாக.

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டான். மூன்று வருடப் படிப்பில் ஒன்றரை வருடத்தில் நின்றுபோனவன் அவன். சொந்தக்காரர் கல்யாணங்களில் அதைச் சொல்லிக்காட்டாதவர் இல்லை. செங்கோடன் அவன் தோளைத் தட்டினான். "கரெக்டா பாதி! நீ மட்டும் முடிச்சுத் தொலைச்சிருந்தா ரெண்டாயிருக்கும், டயர் போயிருக்கும்." பொன்னுரங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் படிப்பால் ஒரு பிரயோஜனம் வந்தது அதுதான் முதல் தடவை.

இருவரையும் பின் சீட்டில் ஏற்றி, ஆளுக்கொரு சக்கரத்துக்கு மேலாக உட்காரவைத்து, தலையை உள்பக்கம் சாய்க்கச் சொன்னான். அந்த நேரம் பார்த்து மரகதம் காபித் தட்டோடு வந்தாள். செங்கோடன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்து மறித்தான்.

"கிட்ட வராதே மரகதம்! நீ எம்.ஏ., பி.எட். எல்லாம் சேந்து மூணரைக்குப் போயிரும்!"

மரகதம் காபியை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கப் போனாள்.

"சாஞ்சுதுங்களா?" என்று கேட்டார் லூர்துசாமி.

"சாஞ்சு, ரெண்டு தலையும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சுங்கண்ணா."

"வீலா?" என்று அவர் அலறியது நாகர்கோவிலில் குழந்தையை எழுப்பிவிட்டது. அழுகைச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்: "தம்பி, ஒண்ணும் பண்ண வேண்டாம்! ரோட்டுக்கும் வேண்டாம், டிராக்குக்கும் வேண்டாம். ரெண்டுக்கும் நடுவுல வெச்சிருங்க! வெச்சதுக்கப்புறம் தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க!"

இதுதான் எல்லாவற்றிலும் தெளிவான உத்தரவாக இருந்தது. செங்கோடன் வீட்டு ரோட்டிலிருந்து டிராக் இருபத்திரண்டு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மூவரும் காரில் ஏறி, சரியாகப் பதினோராவது கிலோமீட்டரில் நிறுத்தினார்கள். அது ஒரு சலூன் வாசல். கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, எங்க கடைக்குள்ள ஆளுக எப்படி வருவாங்க?" என்று சலூன்காரர் உள்ளேயிருந்து கேட்டார்.

"அந்தப் பக்கக் கதவுல ஏறி இந்தப் பக்கக் கதவுல இறங்கச் சொல்லுங்க," என்றான் செங்கோடன். "ஆனா வண்டிய மட்டும் அசைக்கப்படாதுங்க. செட்டிங் பண்ணி வெச்சிருக்குது."

சலூன்காரர் யோசித்தார். முடிவெட்டக் காத்திருப்பவர்களுக்கு வெகுநாளாகவே உட்கார இடமில்லாமல் இருந்தது. மெத்தை சீட்டு, ஐந்து பேர் தாராளம். சரி என்றுவிட்டார்.

மூவரும் பஸ் பிடித்து டிராக்குக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒலிபெருக்கியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பதினேழாம் நம்பர்! கோட்டுக்கு வாங்க! கொடி அசைஞ்சதும் கெளம்பணும். மூணு ரவுண்டு முடிக்காம யாரும் வெளிய வரக் கூடாது!"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கார் இல்லாமல் கிளம்பக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. செங்கோடன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கோட்டில் போய் நின்றான். பின்னால் இடது பக்கம் நஞ்சப்பனும் வலது பக்கம் பொன்னுரங்கமும் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு நின்றார்கள். கொடி அசைந்தது.

முதல் வளைவைப் பிரமாதமாக எடுத்தார்கள். பின்பக்கம் கொஞ்சம்கூட வழுக்கவில்லை. இரண்டாவது வளைவில் நஞ்சப்பனுக்கு மூச்சிரைத்தது. செங்கோடன் கியரைக் குறைத்தான். புது டயர் நாலும் பதினோரு கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மயிரிழைகூடத் தேயாமல் நிற்பதை நினைத்தபோது அவனுக்கு மனசெல்லாம் நிறைந்துவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

இரண்டாவது ரவுண்டில்தான் கொடிக்காரர் குறுக்கே ஓடிவந்து விழுந்தார். "என்னய்யா கூத்து இது? எறங்குங்க! மொதல்ல எறங்குங்க!"

செங்கோடன் பிரேக் போட்டு நின்றான். வலது கையால் காற்றில் கதவைத் திறந்து, மேலே இடித்துக்கொள்ளாமல் குனிந்து இறங்கி, கதவைச் சாத்தினான். மூவரும் டிராக்கை விட்டுப் பத்தடி நடந்திருப்பார்கள். பொன்னுரங்கம் வானத்தை அண்ணாந்து பார்த்தான்.

"அண்ணா, மழை வர்றாப்புல இருக்குதுங்க. கண்ணாடி எறங்கியே கெடக்குதே?"

"நல்லவேளை சொன்னே," என்று செங்கோடன் திரும்பி ஓடினான். காற்றுக்குள் கையை விட்டு, கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றினான்.

அந்தப் பக்கத்துக் கண்ணாடியைக் கொடிக்காரர் ஏற்றிக்கொண்டிருந்தார்.